மூடிய குளமும் மாடித் தோட்டமும்

சுந்தர ராமசாமியின் 'புளியமரத்தின் கதை' 1966இல் நூலாக வந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் மரத்தைப் பற்றியே எழுதினார்கள். மரம் வரலாற்றின் குறியீடு, வணிகத்துக்கும் தேர்தலுக்கும் பலியான உயிர், மனிதப் பேராசையின் சாட்சி என்று பல வாசிப்புகள் உண்டு. அவற்றோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் அந்த நாவலைப் பல ஆண்டுகளாக மாணவிகளுக்கு நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. மரத்துக்கு வெகு முன்பே அந்த நாவலில் ஒரு குளம் சாகிறது. அதற்காக யாரும் அழுவதில்லை.

தாமோதர ஆசான் சொல்லும் பழங்கதையில் புளியமரம் ஒரு குளத்தின் நடுவே நிற்கிறது. குளம் நாறுகிறது. அந்த வழியாக வரும் மகாராஜாவின் மூக்கை நாற்றம் எட்டுகிறது. குளம் தூர்க்கப்படுகிறது. தண்ணீர் நின்ற இடம் தரையாகி, தரையில் சாலை வந்து, சாலைகள் கூடும் முச்சந்தியில் கடைகள் முளைக்கின்றன. ஒரு நகரம் பிறக்கும் விதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன தமிழ் நாவல் எனக்குத் தெரியாது. அது நாகர்கோவில் வேப்பமூடு சந்திப்புதான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சென்னை தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியின் மீது எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில் இருக்கிறது. ஆசானின் கதை எங்கள் ஊரோடு முடிகிற கதை இல்லை.

குளத்தை மூடச் சொல்லப்படும் காரணம் நாற்றம் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றும் அதே தர்க்கம்தான். முதலில் சாக்கடையைக் குளத்துக்குள் விடுவார்கள். பிறகு ஆகாயத்தாமரை மூடும், கொசு பெருகும். அதன்பின் குளமே தொல்லை என்று மனு எழுதப்படும். நாற வைத்தது யார் என்ற கேள்வி மண்ணுக்குள் போய்விடும். அடுத்த மழைக்கு அந்தத் தண்ணீர் எங்கே போனது, அந்தக் குளத்தை நம்பியிருந்த வயல் என்ன ஆனது, அதில் நடவு நட்டவள் எங்கே வேலை தேடினாள் என்று ஆசானும் சொல்வதில்லை, கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்களும் கேட்பதில்லை.

அதே நாவலில் இன்னொரு இடம் வருகிறது. காற்றாடி மரத்தோப்பு வெட்டப்பட்டு அங்கே நகரத்துக்கான பூங்கா அமைகிறது. இருக்கிற மரத்தை அழித்துவிட்டுச் செடி வைப்பதிலுள்ள அபத்தத்தை சுந்தர ராமசாமி பகடியாக எழுதியிருக்கிறார். மாணவிகள் சிரிக்கும் பகுதி அது. குளத்தையும் பூங்காவையும் சேர்த்துப் படித்தால், முதலில் நகரம் தண்ணீரை ஒதுக்குகிறது, அப்புறம் பசுமையை அலங்காரமாக வாங்கி வைக்கிறது என்று தெரியும். தண்ணீரும் பயிரும் ஒரே ஏற்பாடாக இருந்தது அதற்குள் மறந்துபோயிருக்கும். அந்த மறதியில் பெண்களுக்கு என்ன வேலை ஒதுக்கப்பட்டது என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

நாஞ்சில் நாட்டில் மழைநீர் மேலாண்மை, விவசாயம் என்று இரண்டு தனிச் சொற்கள் தேவைப்பட்டதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் எங்களுக்கு உண்டு. அறுவடையாகும் மாதத்தின் பெயரால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்படுவதற்கு முன்பே பழையாற்றுத் தண்ணீர் கால்கள் வழியே குளங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாவட்டத்தில் 2,000க்கும் மேற்பட்ட குளங்கள் இருப்பதாகக் கணக்கு. ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாயும். அந்த மறுகால் அடுத்த குளத்தின் வரத்து. நடுவில் உள்ள வயல்கள் பெருமழையின் பங்கை வரப்புக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும்.

இங்கே சொற்களையும் கொஞ்சம் பார்க்கலாம். தேக்குவது, மடை திறப்பது, மறுகால் பாய்வது, பெருகுவது என்பவை குளத்தைச் சேர்ந்த வினைகள். இவை தண்ணீரை வைத்துக்கொள்வதையும் பகிர்வதையும் பற்றிப் பேசுகின்றன. மாநகராட்சி அறிவிப்புகளில் வரும் வினைகளோ வேறு. வடிப்பது, வெளியேற்றுவது, அகற்றுவது. வானத்திலிருந்து விழுந்த நல்ல தண்ணீர், தெருவைத் தொட்ட உடனே குப்பையோடு சேர்த்து அப்புறப்படுத்த வேண்டிய பொருளாகிவிடுகிறது. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியானது. எங்கள் ஊர் குளத்து மொழியிலிருந்து வடிகால் மொழிக்கு அதற்கு முன்பே குடிபெயர்ந்துவிட்டது.

பயிருக்கு என்ன மொழி மிஞ்சியது? அது பெண்கள் பத்திரிகையின் பக்கங்களுக்குப் போனது. மாடித் தோட்டம் பற்றிய எழுத்துகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றுக்கென்று ஒரு வாய்ப்பாடு உண்டு. விளிக்கப்படுகிறவள் இல்லத்தரசி. சொல்லப்படும் பயன்கள், நல்ல பொழுதுபோக்கு, சின்ன உடற்பயிற்சி, காய்கறிச் செலவில் மிச்சம், குடும்பத்துக்கு நஞ்சில்லா உணவு. வடிகால் பற்றிய எழுத்தில் மனிதர்களே இருக்க மாட்டார்கள், கிலோமீட்டரும் கோடி ரூபாயும் ஒப்பந்தப்புள்ளியும்தான் இருக்கும். மாடித் தோட்ட எழுத்தில் பணமே இருக்காது, அன்பு மட்டும்தான் இருக்கும். தண்ணீர் பொறியியலாகி ஆண்களின் வரவுசெலவுக்குப் போயிற்று. பயிர் பொழுதுபோக்காகிப் பெண்களின் கூலியற்ற வேலையோடு சேர்ந்துகொண்டது.

இந்தப் பிளவு சட்டத்திலும் திட்டத்திலும் அப்படியே பதிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. 2013-14இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மானிய விலையில் மாடித் தோட்டப் பெட்டகங்களைக் கொடுக்கத் தொடங்கியது. இரண்டும் நல்ல முயற்சிகள், இரண்டும் வந்து சேர்ந்தது ஒரே மொட்டைமாடிக்கு. ஆனால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. மழைத்தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கிக் குழிக்குள் போகிறது, பல வீடுகளில் குழி தூர்ந்து போனதால் தெருவுக்குப் போகிறது. அதே மாடியில் இருக்கும் கத்தரிச் செடிக்குக் கீழேயிருந்து வாளியில் தண்ணீர் ஏறுகிறது. அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 5,000 லிட்டர். எங்கள் பக்கம் ஒரு நல்ல மழைநாளுக்கு இது அதிகமில்லை. அந்த மாடியில் இருபது பைகள் வைத்து, ஒவ்வொன்றும் தாராளமாகப் பத்து லிட்டர் தண்ணீரை உறிஞ்சினாலும் 200 லிட்டர்தான். மீதி 4,800 லிட்டர் தெருவுக்குத்தான் வரும். இப்போது ஒரு சென்ட் வயலை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். வரப்புக்குள் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 4,000 லிட்டர். ஓர் ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர். அதாவது ஒன்றேகால் சென்ட் வயல் ஒரு வீட்டு மாடியின் மழையை வாங்கிக்கொள்ளும். ஓர் ஏக்கர் வயலில் மண்ணடித்து மனை போடும்போது, எண்பது வீட்டு மழையை ஏந்திக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, அங்கேயே புதிதாகச் சில வீடுகளையும் கட்டுகிறோம். பிறகு அந்த வீட்டுப் பெண்களிடம் தொட்டி வாங்கிச் செடி வையுங்கள் என்கிறோம்.

2021 நவம்பரிலும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலும் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த அளவு மழையை எந்த வயலும் முழுதாகத் தாங்காது. ஆனால் நாகர்கோவிலின் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் புக அவ்வளவு பெரிய மழை தேவைப்படுவதில்லை. வெள்ளம் வடிந்தபின் வீட்டுக்குள் சேறு அள்ளுவதும், நனைந்த அரிசியைக் காயப்போடுவதும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு விழித்திருப்பதும் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் வராத செலவுகள். அவற்றைச் செலுத்துகிறவர்கள் பெண்கள்.

இப்படிச் சொன்னதும் பழைய நாஞ்சில் நாட்டுக்குத் திரும்புவோம் என்று ஒரு குரல் எழும். நெற்களஞ்சியம், பச்சைப் பாய் விரித்த வயல், நாற்று நடும் பெண்களின் குலவை என்று அந்தக் குரலுக்கு அழகான படங்கள் நிறைய உண்டு. அந்தப் படங்களை நான் நம்புவதில்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அதுவரை இந்த வயல்களில் நின்றவர்களில் பலர் வாங்கவும் விற்கவும் முடிந்த மனிதர்கள். தோள்சீலைக்கான போராட்டம் 1822இல் தொடங்கி 1859 அரசாணை வரை நடந்தது. சேற்றில் குனிந்து நட்ட பெண்ணுக்குத் தன் உடம்பை மறைத்துக்கொள்ளும் உரிமைகூட இல்லாத காலத்தின் பசுமை அது. குளத்தில் யார் இறங்கலாம், யார் எட்டி நிற்க வேண்டும் என்பதையும் சாதியே வகுத்தது. குளமும் வயலும் சேர்ந்து இயங்கிய அறிவை நாம் எடுத்துக்கொள்ளலாம். அந்த அறிவு எந்தக் கூலியில், யார் உடம்பில் இயங்கியது என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

'புளியமரத்தின் கதை'யின் முச்சந்தியில் நடமாடுவோர் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். கடைக்காரர்கள், பத்திரிகைக்காரர், அரசியல்வாதிகள், கதை கேட்கும் இளைஞர்கள். பெண் என்று நம் நினைவில் நிற்பவள் செல்லத்தாயி. அவளும் அந்த மரக்கிளையில் உயிரை விட்டதால்தான் கதைக்குள் வருகிறாள். உழைக்கும் பெண்ணாக, தண்ணீர் மொள்ளும் பெண்ணாக, சந்தைக்குக் கீரைக்கட்டு சுமந்து வரும் பெண்ணாக யாரும் நெஞ்சில் நிற்பதில்லை. இதை அந்த ஆசிரியர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. முச்சந்தியை நகரம் என்று எண்ணும் கண்ணுக்கு அடுக்களைப்புறமும் வயல்வரப்பும் நகரத்தின் பகுதியாகத் தெரியாது. நகரத் திட்டங்களை வரைகிறவர்களின் கண்ணும் அதே கண்தான்.

வயல் எப்படி மனையாகிறது என்று ஒருமுறை வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "மிஸ், எங்க வயல வித்துத்தான் அக்காவுக்கு நகை போட்டாவ" என்றாள். வகுப்பு அமைதியானது. அவள் சொன்னது பல வீடுகளின் கதை. எங்கள் மாவட்டத்தில் பெண்ணுக்குப் போடும் நகையின் கணக்கு ஊரறிந்தது. வயல் ஆணின் பெயரில் இருக்கும், அதை விற்கும்போது மட்டும் பெண்ணின் பெயர் சொல்லப்படும். 1989இல் தமிழ்நாடு மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. அந்தப் பங்கு மண்ணாக வராமல் பவுனாக வந்தது, பவுனும் பல வீடுகளில் அவள் கையில் தங்கவில்லை. அக்காவின் கழுத்துக்காக வயல் போனது என்று ஊர் சொல்லும். அக்காவிடம் வயல் வேண்டுமா, நகை வேண்டுமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சரி, தண்ணீரையும் பயிரையும் நகரத்துக்குள் மறுபடி சேர்க்க முடியுமா? முடிந்திருக்கிறது. பாங்காக் அருகே தம்மாசாட் பல்கலைக்கழகத்தின் ரங்சிட் வளாகத்தில், ஏறத்தாழ 22,000 சதுர மீட்டர் பரப்பில் ஒரு மாடி வயல் இருக்கிறது. 2019இல் உருவான அதை வடிவமைத்தவர் கோச்சகோர்ன் வோராகோம் என்ற பெண். மலைச்சரிவு நெல்வயல் போலப் படிப்படியாக இறங்கும் மாடி அது. மழை ஒவ்வொரு படியிலும் தங்கி, பயிருக்குக் கொடுத்து, கீழே உள்ள குளங்களில் போய்ச் சேர்கிறது. வறண்ட நாளில் அந்தக் குளத்து நீரே மேலே ஏறுகிறது. நம் மாடியில் பிரிந்து கிடக்கும் குழாயும் வாளியும் அங்கே ஒரே ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டன. அதைவிட முக்கியமாக, அது ஒரு பொது நிறுவனத்தின் கட்டடம். தனித்தனிப் பெண்களின் ஓய்வுநேரத்தை நம்பி அது நிற்கவில்லை.

நம் நாட்டிலேயே கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 12,500 ஹெக்டேர். 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நகரத்தின் கழிவுநீரும் மழைநீரும் கால்வாய்கள் வழியே அங்கே போய், வெயிலிலும் பாசியிலும் தெளிந்து, மீனாகவும் நெல்லாகவும் காய்கறியாகவும் நகரத்துக்கே திரும்பி வருகின்றன. அங்கும் மனைத்தொழிலின் நெருக்கடி உண்டு. எனினும் நகரத்தின் வடிகாலும் நகரத்தின் வயலும் ஒரே இடமாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

எங்கள் ஊருக்கு அருகிலேயே சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சார் தகுதி பெற்றன. பறவைகளுக்காகக் கிடைத்த பெருமை அது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் குளம் தனியாக உயிர்வாழாது. குளத்துக்குக் கீழே வயல் இருக்கும்வரை மடை திறக்கும். மடை திறக்க ஆள் வரும், வரத்துக்கால் அடைத்தால் சண்டை போட ஆள் வரும். கீழே உள்ள பத்து முழுவதும் மனையாகிவிட்டால் மடைக்கு வேலை இல்லை. அதன்பின் குளம் வெறும் காட்சிப்பொருள், அல்லது சாக்கடைத்தொட்டி. ஆசானின் கதையில் மகாராஜாவின் மூக்கை எட்டிய நாற்றம் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

ஆகவே மாடித் தோட்டத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில் தன் கையால் வைத்த வெண்டைக்காயைப் பறிக்கும் பெண்ணின் நிறைவு உண்மையானது. நகரத்தின் வெள்ளத்தைத் தடுக்கும் பொறுப்பை அந்த நிறைவின் மீது ஏற்றாதீர்கள் என்கிறேன். பொறுப்பு தரையில் இருக்கிறது, பொது நிலத்தில் இருக்கிறது. பள்ளி, கல்லூரி, அலுவலக வளாகங்களை மண்ணடித்து உயர்த்தி ஓடு பதிப்பதற்குப் பதிலாக, ஒரு பகுதியைத் தாழ்த்தி வைத்தால் கூரை நீர் அங்கே இறங்கும். அங்கே சேம்பு, வாழை, வல்லாரை போன்ற ஈரம் தாங்கும் பயிர்கள் வரும். பாத்திர நீர் பாயும் அடுக்களைப்புறத்தில் வாழையும் சேம்பும் வைத்த நம் பாட்டிகளுக்கு இது தெரிந்த செய்திதான். தேங்கும் நீர் இரண்டு மூன்று நாளில் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். முட்டையிலிருந்து கொசு பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும், டெங்கு வந்தால் அந்தப் பாரமும் பெண்ணுக்கே. சாலையில் ஓடி எண்ணெயும் சாக்கடையும் கலந்த நீரைக் கீரைக்கு விடக் கூடாது.

அடுத்தது கூலி. கிராமங்களுக்கென்று 2005 சட்டம் கொண்டுவந்த நூறு நாள் வேலையில், தமிழ்நாட்டில் பத்துப் பேரில் எட்டுக்கும் மேல் பெண்களாக இருந்தார்கள். குளம் தூர்வாரியதும் கால் வெட்டியதும் அவர்கள்தான். கிராமம் மாநகராட்சியோடு சேர்ந்தபோது அந்த வேலை போய்விட்டது, அந்தக் குளம் அங்கேயே இருந்தது. 2022இல் தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது. வரத்துக்கால்களையும் தாழ்நிலத் தோட்டங்களையும் பராமரிப்பதை அத்தகைய திட்டத்தின் நிரந்தர வேலையாக்கி, தோட்டத்தின் விளைச்சலில் உழைப்பவர்களுக்குப் பங்கும் கொடுக்கலாம். மாநகராட்சி எல்லைக்குள் இன்னும் நெல் விளையும் வயலை வடிகாலின் ஒரு பகுதியாகக் கணக்கிட்டு, தண்ணீரை ஏந்தி நிற்பதற்காக உழவருக்குப் பணம் கொடுக்கலாம். கான்கிரீட் வடிகாலுக்குப் பணம் உண்டு என்றால் மண் வடிகாலுக்கும் இருக்க வேண்டும். பட்டா யார் பெயரில் என்ற கேள்வியை அப்போது தவிர்க்க முடியாது.

பெண்ணிய விமர்சனத்தில் பிரதிக்குள் பெண் எங்கே என்று கேட்கப் பழகியிருக்கிறோம். அதோடு தண்ணீர் எங்கே என்றும் கேட்டுப் பார்க்குமாறு என் மாணவிகளிடம் சொல்வதுண்டு. எந்த நாவலை எடுத்தாலும், எந்த மனைவிளம்பரத்தை எடுத்தாலும், எந்த மாநகராட்சி வரைபடத்தை எடுத்தாலும் இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த இடத்தில் முன்பு என்ன தேங்கியிருந்தது, அதில் என்ன விளைந்தது, அதை நட்டவளுக்கு என்ன கொடுத்தார்கள், இப்போது அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் நிற்கிறது. பதில்கள் பெரும்பாலும் ஒரே தெருவில், ஒரே வீட்டில், ஒரே பெண்ணிடம் போய் முடியும். அவளிடம் இன்னொரு பூந்தொட்டியைக் கொடுப்பதற்கு முன் அவள் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.